சலவைச் சோடாவும் அதன் உறவுப் பொருள்களும்: பொருள், பயன், பாதுகாப்பு

‘சோடா’ என்னும் ஒரே சொல் தமிழர் இல்லங்களில் பல பொருள்களைக் குறிக்கிறது. ஆப்ப மாவில் இடுவதும் சோடா. துணி வெளுக்கப் பயன்படுவதும் சோடா. கழிவுநீர்க் குழாயின் அடைப்பை நீக்க ஊற்றுவதும் சோடாவே. இம்மூன்றும் வெண்ணிறமானவை, மூன்றும் சோடியம் என்னும் தனிமத்தின் சேர்மங்கள். எனினும் முதலாவது உணவில் சேரத் தக்கது. இரண்டாவது உணவுக்கு உரியதன்று. மூன்றாவது சில நொடிகளில் தோலையும் கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடக் கூடியது.

வளைகுடா நாடுகளில் ஒரே சமையலறையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்புகள் மிகுதி. ஒருவர் வாங்கி வைத்த பொடியை மற்றொருவர் எடுத்துப் பயன்படுத்துவது அங்கே அன்றாட நிகழ்வு. பொதிகளின் மேல் அரபு மொழியிலும் ஆங்கிலத்திலுமே பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே இப்பொருள்கள் எவை, எங்கிருந்து வந்தவை, எவ்வாறு செயல்படுகின்றன, எவ்வாறு பிரித்தறிவது என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு பகிர்வு அறைக்கும் பயன் தரும்.

மூன்று சோடாக்கள்

சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். படிக வடிவில் இருக்கும்போது இதன் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைத் தன்னுடன் பிணைத்து வைத்துள்ளது. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் அப்படிகத்தின் எடையில் ஏறத்தாழ 63 விழுக்காடு நீரே ஆகும். வறண்ட காற்றில் திறந்து வைத்தால் அந்நீர் சிறிது சிறிதாக வெளியேற, பளிங்குபோன்ற படிகம் வெண்பொடியாக உதிரும். நீர் முழுதும் நீங்கிய பொடி ‘சோடா சாம்பல்’ எனப்படும். ஆகவே ஒரு கரண்டி சோடா சாம்பலின் வலிமை ஒரு கரண்டிப் படிகத்தின் வலிமையைக் காட்டிலும் பெரிது.

சமையல் சோடா அல்லது ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். இது சலவைச் சோடாவின் மென்மையான உறவு. இதனைச் சூடாக்கினால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவைச் சோடாவாக மாறிவிடும். 100 கிராம் சமையல் சோடாவை அடுப்பில் முழுமையாகச் சுட்டால் ஏறக்குறைய 63 கிராம் சோடா சாம்பல் எஞ்சும்.

காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. சலவைச் சோடாக் கரைசலுடன் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் இது கிடைக்கும். சவுக்காரம் காய்ச்சுவோர் பல நூற்றாண்டுகளாக இம்முறையையே கையாண்டனர்.

இம்மூன்றின் வலிமையையும் ‘பி.எச்.’ என்னும் அளவுகோலால் ஒப்பிடலாம். தூய நீரின் அளவு 7. அதற்கு மேற்பட்டவை காரத்தன்மை உடையவை. சமையல் சோடாக் கரைசலின் அளவு ஏறத்தாழ 8.3, சலவைச் சோடாவினுடையது 11க்கு மேல், காஸ்டிக் சோடாவினுடையது 13க்கும் மேல். இவ்வளவுகோலில் ஒரு படி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. எனவே 8க்கும் 11க்கும் உள்ள மூன்று படி வேறுபாடு 1,000 மடங்காகும். எண்கள் நெருங்கியிருப்பதால் பொருள்களும் நெருங்கியவை என்று கருதிவிடக் கூடாது.

அரபு மண்ணில் பிறந்த சொற்கள்

சோடியம் சேர்மங்களின் வரலாறு வளைகுடாப் பகுதிக்கு அயலானதன்று. வேதியியலில் காரத்தைக் குறிக்கும் ‘அல்கலி’ என்னும் உலகப் பொதுச் சொல் ‘அல்-கலி’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உவர் நிலங்களில் வளரும் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலையே அரபு மக்கள் அவ்வாறு அழைத்தனர். உப்பைத் தன் உடலில் ஏற்றுக்கொண்டு வளரும் அச்செடிகளின் சாம்பலில் சோடியம் கார்பனேட் மிகுந்திருக்கும். பாலைவன மக்கள் கையையும் துணியையும் கழுவ இத்தகைய செடிகளைப் பயன்படுத்தி வந்தனர். சோப்பும் சலவைத் தூளும் கடைக்கு வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே மணல் வெளியின் புதர்கள் அப்பணியைச் செய்தன.

எகிப்தில் கெய்ரோவுக்கு வடமேற்கே ‘வாதி அன்-நத்ரூன்’ என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள ஏரிகள் கோடையில் வற்றும்போது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த உப்புப் படிவு எஞ்சும். அதற்கு ‘நத்ரூன்’ என்று பெயர். பண்டை எகிப்தியர் இறந்தோரின் உடலை உலர்த்திப் பதப்படுத்தவும், தூய்மை செய்யவும், கண்ணாடி ஆக்கவும் அதனைப் பயன்படுத்தினர். அப்பெயரின் வழியாகவே சோடியத்துக்கு இலத்தீனில் ‘நேட்ரியம்’ என்னும் பெயர் அமைந்தது. 1807ஆம் ஆண்டு இலண்டனில் ஹம்ப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைச் செலுத்தி இத்தனிமத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்.

வளைகுடாக் கடைகளில் விற்கப்படும் நாப்ளுஸ் சோப்பும் இம்மரபின் தொடர்ச்சியே. பாலஸ்தீனத்தின் நாப்ளுஸ் நகரில் ஒலிவ எண்ணெயுடன் செடிச் சாம்பலின் காரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் காய்ச்சிய அச்சோப்பின் கைத்தொழில் மரபை 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

தமிழ் நிலத்திலும் இதற்கு இணையான அறிவு இருந்தது. கோடையில் களர் நிலங்களின் மேல் வெண்மையாகப் பூக்கும் மண்ணைச் சலவைத் தொழிலாளர் திரட்டிச் சேர்த்தனர். உவர்மண் என்றும் உழமண் என்றும் வழங்கும் அம்மண்ணில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்துள்ளன. துணிகளை அம்மண் கரைத்த நீரில் தோய்த்து, பானையின் மேல் அடுக்கி, இரவு முழுதும் நீராவியில் வேகவைத்தனர், இதுவே வெள்ளாவி. மறுநாள் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி வெயிலில் உலர்த்தினர். காரமும் வெப்பமும் கூடினால் எண்ணெய்ப் பிசுக்கு விரைந்து கரையும் என்னும் வேதியியல் உண்மையை அவர்கள் தொழில் அனுபவத்தால் கண்டிருந்தனர்.

தமிழில் ‘காரம்’ என்னும் சொல்லுக்கு மிளகாயின் சுவை என்பது ஒரு பொருள்; அரிக்கும் தன்மையுடைய உப்பு என்பது மற்றொரு பொருள். சோப்பைக் குறிக்கும் சவுக்காரம், இலங்கையில் வழங்கும் சவர்க்காரம், பொற்கொல்லர் பயன்படுத்தும் வெங்காரம், அப்பளத்தில் சேரும் அப்பளக்காரம் ஆகிய பெயர்களில் இவ்விரண்டாம் பொருள் நிலைத்திருக்கிறது. வெங்காரமும் ஒரு சோடியம் சேர்மமே.

சாம்பலிலிருந்து ஆலைக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நெசவு, கண்ணாடி, சோப்புத் தொழில்கள் வளர்ந்தபோது செடிச் சாம்பல் போதவில்லை. 1791ஆம் ஆண்டு பிரான்சில் நிக்கோலா லெப்லாங் சாதாரண உப்பிலிருந்து சோடா ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையில் வெளியேறிய அமில வாயு சுற்றுவட்டாரப் பயிர்களையும் மரங்களையும் அழித்தது. அதன் விளைவாகப் பிரிட்டனில் 1863ஆம் ஆண்டு அல்கலிச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்சாலைப் புகையைக் கட்டுப்படுத்த எழுந்த தொடக்ககாலச் சட்டங்களுள் அது ஒன்றாகும்.

1861ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே சிறந்த வழியைக் கண்டார். உப்புநீரில் அம்மோனியாவைக் கலந்து கரியமில வாயுவைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட் வீழ்படிவாகும். அதனைச் சுட்டால் சலவைச் சோடா கிடைக்கும். அம்மோனியாவை மீட்டு மீண்டும் பயன்படுத்தலாம். உப்பும் சுண்ணாம்புக் கல்லுமே இதன் முதன்மை மூலப்பொருள்கள். இன்று இம்முறை ஒருபுறம் நிலவ, கென்யாவின் மகாடி ஏரி, அமெரிக்காவின் வயோமிங் மாநிலச் சுரங்கங்கள் முதலியவற்றிலிருந்து இயற்கைச் சோடாவும் எடுக்கப்படுகிறது.

இந்தியாவில் குஜராத்தின் மீத்தாபூரில் டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையிலும் சோடா ஆலை எழுந்தது. 2016ஆம் ஆண்டு தூத்துக்குடி அல்கலி ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடா தயாரிப்பில் பயன்படுத்தும் அமைப்பு செயல்படத் தொடங்கியது உலக அளவில் கவனம் பெற்றது. இலங்கையின் வட பகுதியில் ஆனையிறவு உப்பைக் கொண்டு காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆக்கிய பரந்தன் இரசாயன ஆலை, போரினால் தன் இயக்கத்தை இழந்தது.

வளைகுடாவின் தொழில்களிலும் இவற்றுக்கு இடமுண்டு. உலகில் ஆக்கப்படும் சோடா சாம்பலின் பெரும்பங்கு கண்ணாடித் தொழிலுக்கே செல்கிறது. மணல் குறைந்த வெப்பத்தில் உருகுவதற்கு அது துணை செய்கிறது. உயர்ந்த கட்டடங்களின் சாளரக் கண்ணாடியிலும் சோடா உறைந்திருக்கிறது. அபுதாபியின் அல் தவீலாவில் 2019ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அலுமினா சுத்திகரிப்பு ஆலையில், பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினாவைப் பிரிக்கக் காஸ்டிக் சோடா பயன்படுகிறது.

அழுக்கு நீங்கும் முறை

சலவைச் சோடா இரு வழிகளில் தூய்மை செய்கிறது. முதலாவதாக, அதன் காரத்தன்மை எண்ணெயையும் கொழுப்பையும் தாக்கி, அவற்றுள் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றுகிறது. அடுப்பு மேடை, புகைபோக்கி வடிகட்டி, பிசுக்கேறிய இரும்புச் சட்டி ஆகியவை வெந்நீரில் கரைத்த சோடாவால் எளிதில் தூய்மையாவது இதனால்தான்.

இரண்டாவதாக, அது நீரின் கடினத்தன்மையைக் குறைக்கிறது. கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பை நுரைக்க விடாமல் தடுக்கும். சோடா அவற்றைக் கரையாத பொருள்களாக்கிப் பிரித்துவிடும். இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் நலம். வளைகுடா நகரங்களின் குழாய்நீரில் பெரும்பகுதி உப்பு நீக்கிய கடல்நீரே; ஊர்க்கிணற்று நீரைப்போல் அது பொதுவாக அத்துணைக் கடினமானதன்று. மேலும் இன்றைய சலவைத் தூள்கள் பலவற்றில் சோடா சாம்பல் முன்பே கலந்துள்ளது. ஆகவே ஊரில் பழகிய அளவிலேயே இங்கும் சோடாவைச் சேர்ப்பது தேவையற்றது. துணியில் வெண்படிவும் தோலில் எரிச்சலும் உண்டாகலாம்.

கம்பளி, பட்டு ஆகியவற்றைச் சலவைச் சோடாவில் துவைத்தல் ஆகாது. அவை புரத இழைகளாதலின் காரத்தால் நலிவுறும். அலுமினியப் பாத்திரங்களும் கறுத்து அரிபடும். சோடாவைக் கையாளும்போது ரப்பர்க் கையுறை அணிதல் வேண்டும்.

சமையலறையில் கவனம்

சமையல் சோடா மாவிலுள்ள புளிப்புடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுவதால் பலகாரம் உப்புகிறது. கொண்டைக்கடலையை விரைவில் வேகச் செய்யவும் சிலர் இதனைச் சேர்க்கின்றனர். காரத்தன்மை கூடினால் தயமின் என்னும் வைட்டமின் அழிந்துபோகும். முதல் நாள் இரவே ஊறவைப்பது அதனினும் நன்று.

வயிற்றெரிச்சலுக்குச் சமையல் சோடாவைக் கரைத்துக் குடிக்கும் வழக்கமும் உண்டு. இதில் மறைந்துள்ள சோடியத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவான சோடியமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 கிராம் எடையுள்ள ஒரு தேக்கரண்டிச் சமையல் சோடாவில் ஏறத்தாழ 1.4 கிராம் சோடியம் உள்ளது. அஃதாவது நாள்முழுதுக்குமான வரம்பில் பாதிக்கும் மேற்பட்ட அளவு. இரத்த அழுத்தம், சிறுநீரகக் குறைபாடு, இதய நோய் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இதனை மருந்தாக உட்கொள்ளுதல் கூடாது.

அடைப்பு நீக்கவும் கறை போக்கவும் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கும் முறை பரவலாகக் கூறப்படுகிறது. பொங்கும் நுரை கண்ணுக்கு வலிமையாகத் தோன்றினும், காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கலந்த நீரே. இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துவதே பயனுடையது.

காஸ்டிக் சோடா: தனிக் கவனத்துக்குரியது

குழாய் அடைப்பை நீக்கும் பொடிகள் பலவற்றில் காஸ்டிக் சோடாவே முதன்மைப் பொருள். நீரில் கரையும்போது அது கடும் வெப்பத்தை உண்டாக்கும். பொடியின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்து முகத்தில் படக்கூடும். ஆகவே பொதியில் கூறிய அளவில், குளிர்ந்த நீரில் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்தலே முறை. கண்ணாடிக் கவசமும் நீண்ட கையுறையும் இன்றியமையாதவை. அலுமினியப் பாத்திரத்தில் அதனைக் கரைத்தல் கூடவே கூடாது. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு எழும்.

உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தியே இன்று காஸ்டிக் சோடா ஆக்கப்படுகிறது; அப்போது குளோரினும் பிரிகிறது. அவ்விரண்டையும் மீண்டும் சேர்த்து ஆக்கப்படுவது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. அதுவே வீட்டிலுள்ள வெளுப்புத் திரவமாகிய பிளீச். இத்திரவத்துடன் கழிவறை தூய்மை செய்யும் அமிலத்தைக் கலந்தால் அடங்கியிருந்த குளோரின் நச்சு வாயுவாக வெளியேறும். காற்றோட்டம் குறைந்த, சாளரமற்ற குளியலறைகளில் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களுடனும் பிளீச்சைச் சேர்த்தல் ஆகாது. ஒரு பொருளைப் பயன்படுத்திய பின் நீரால் நன்கு அலசி முடித்தே மற்றொன்றை எடுத்தல் வேண்டும்.

பிரித்தறியும் முறை

வெண்பொடி எதுவென்று அறியச் சுவைத்துப் பார்த்தல் மிகத் தவறானது. வினிகர் இட்டுப் பார்த்தாலும் தெளிவு பிறவாது. சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் ஒருபோலவே நுரைக்கும். உணவுப் பொதிகளில் காணப்படும் ‘இ 500’ என்னும் குறியீடும் இவ்விரு கார்பனேட்டுகளுக்கும் பொதுவானது; அது உணவுத் தரத்தில் தூய்மை செய்யப்பட்ட பொருளையே குறிக்கும். சலவைக்கென விற்கப்படுவது உணவுத் தரமுடையதன்று. ஆகவே பெயர்ச்சீட்டு ஒன்றே நம்பத்தக்க சான்று.

அரபுப் பெயர்களின் ஒலியை அறிந்திருந்தால் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ‘பைகார்பூனாத் அஸ்-ஸூதியூம்’ என்பது சமையல் சோடா. ‘கார்பூனாத் அஸ்-ஸூதியூம்’ என்பது சலவைச் சோடா. ‘ஸூதா காவியா’ என்பது காஸ்டிக் சோடா. ‘காவியா’ என்றால் சுட்டெரிப்பது என்று பொருள். கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டுவதுபோன்ற படம் பொதியில் இருந்தால், அது அரிக்கும் பொருள் என்பதற்கான உலகப் பொது எச்சரிக்கை.

வீட்டிலும் பகிர்வு அறையிலும் பின்வரும் ஒழுங்குகளைக் கடைப்பிடித்தல் நன்று:

1. எப்பொடியையும் அதன் மூலப் பொதியிலிருந்து பெயரில்லாத டப்பாவுக்கு மாற்றக் கூடாது. துப்புரவுத் திரவங்களைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பெருங்கேடு.

2. உணவுப் பொருள்களும் துப்புரவுப் பொருள்களும் ஒரே அலமாரியில் இருத்தல் ஆகாது. காஸ்டிக் சோடா பூட்டிய இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு இருத்தல் வேண்டும்.

3. பொதியின் மேல் தமிழிலும், அறையில் பிற மொழியினர் இருப்பின் அவர்கள் மொழியிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டலாம்.

4. எஞ்சிய இரசாயனங்களைத் தெருவோர மழைநீர் வடிகாலிலோ மணலிலோ கொட்டக் கூடாது. அவற்றை அகற்றும் முறையை அந்தந்த நகராட்சியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டறியலாம்.

விபத்து நேர்ந்தால்

தோலில் பட்டால்: பொடியை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பட்ட ஆடையைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுதல் வேண்டும்.

கண்ணில் பட்டால்: இமையைத் திறந்து பிடித்து, ஓடும் நீரால் 20 நிமிடம் இடைவிடாது கழுவுதல் வேண்டும். கண்ணாடி வில்லை அணிந்திருந்தால் எளிதில் வருமாயின் அகற்றலாம். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுதல் கட்டாயம்.

விழுங்கிவிட்டால்: வாயை நீரால் கொப்பளிக்கச் செய்யலாம். வாந்தி எடுக்கத் தூண்டக் கூடாது; உள்ளே சென்றபோது எரித்த காரம் வெளியே வரும்போதும் மீண்டும் தொண்டையை எரிக்கும். காரத்தை முறிக்கும் என்று கருதி எலுமிச்சைச் சாறோ வினிகரோ கொடுத்தல் கூடாது.

வாயுவைச் சுவாசித்தால்: உடனே தூய காற்றுள்ள இடத்துக்கு வெளியேறுதல் வேண்டும். பொருளை எடுக்க மீண்டும் அறைக்குள் செல்லக் கூடாது.

எந்நிலையிலும் தாமதியாமல் அவசர உதவியை அழைத்து, ‘காஸ்டிக் சோடா’ அல்லது ‘பிளீச்’ என்று பொருளின் பெயரையும், பாதிக்கப்பட்டவரின் வயதையும், நேர்ந்த நேரத்தையும் கூறுதல் வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது பொதியையும் உடன் கொண்டு செல்லுதல் சிகிச்சையை விரைவுபடுத்தும்.

அவசர அழைப்பு எண்கள்: ஐக்கிய அரபு அமீரகம் – ஆம்புலன்ஸ் 998, காவல்துறை 999, சவூதி அரேபியா – ஆம்புலன்ஸ் 997, கத்தார் – 999, பஹ்ரைன் – 999, குவைத் – 112, ஓமன் – 9999. இவ்வெண்களைச் சமையலறைச் சுவரில், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் இடத்துக்கு அருகில் எழுதி ஒட்டிவைத்தல் நலம்.